பின்தொடையைத் தொட்ட கை

கால்பந்து அரையிறுதியின் 68-ஆவது நிமிடத்தில் எங்கள் கேப்டன் ஓடிக்கொண்டிருந்தார். எதிரணியின் தற்காப்பு வரிசைக்குப் பின்னால் விழுந்த நீளமான பந்து அது. வழக்கமாக அவர் எடுத்துவிடக்கூடிய பந்து. ஏழெட்டு அடி வைத்திருப்பார். அதற்குள் அவருடைய வலது கை மெல்லப் பின்னுக்குப் போய்த் தொடையின் பின்புறத்தைத் தொட்டது. பந்து தன் போக்கில் உருண்டு எல்லைக்கோட்டைத் தாண்டியது. அவர் அதைத் துரத்தவில்லை. இரண்டு அடி நொண்டி நடந்து, நின்று, புல்லில் உட்கார்ந்து, பெஞ்சைப் பார்த்து விரலால் ஒரு வட்டம் போட்டுக் காட்டினார். என்னை மாற்றிவிடுங்கள் என்பதற்கு ஆட்டக்காரர்கள் காட்டும் சைகை அது.

அப்போது நாங்கள் 1-0 என்று முன்னிலையில் இருந்தோம். மீதமிருந்த 22 நிமிடங்களும் அதற்கு மேல் நடுவர் சேர்த்துக் கொடுத்த 6 நிமிடங்களும் எப்படிக் கழிந்தன என்பதை வரிசையாகச் சொல்ல என்னால் இயலாது. எங்கள் கோல்கீப்பர் இரண்டு முறை பாய்ந்து தடுத்தார்; ஒரு பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது; விசில் ஊதியது. எங்கள் அணி தன் வரலாற்றில் முதன்முறையாக ஓர் இறுதிப் போட்டிக்குள் நுழைந்தது. என்னைச் சுற்றியிருந்தவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள், நானும் அழுதேன். அந்த அழுகையில் மகிழ்ச்சி எவ்வளவு, அந்தக் கை போன இடத்தைப் பார்த்த பயம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எங்களில் எவராலும் முடிந்திருக்காது.

அன்றிலிருந்து இறுதிப் போட்டிக்குப் பதினொரு நாள் இருந்தது. இதை எழுதும் இரவில், இடையில் ஒரே ஒரு நாள்தான் மிச்சம்.

ஹாம்ஸ்ட்ரிங் என்று எல்லோரும் சொல்வது ஒரே தசையை அல்ல. இடுப்பெலும்பின் அடியிலிருந்து புறப்பட்டு, தொடையின் பின்புறமாக இறங்கி, முழங்காலுக்குக் கீழே போய் ஒட்டிக்கொள்ளும் மூன்று தசைகளின் கூட்டம் அது. முழுவேக ஓட்டத்தில் முன்னே வீசப்பட்ட கால் தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பு, அந்தத் தசைகள் நீண்டுகொண்டே இருக்க வேண்டும், அதே கணத்தில் காலைப் பிடித்து நிறுத்தவும் வேண்டும். நீட்சியும் இழுப்பும் ஒன்றாகச் சேரும் அந்த இடத்தில்தான் நார்கள் அறுகின்றன. சில நார்கள் மட்டும் அறுந்திருந்தால் முதல் நிலை, ஒன்று முதல் மூன்று வாரத்தில் திரும்பிவிடலாம். பாதியளவு கிழிந்திருந்தால் இரண்டாம் நிலை, ஒரு மாதத்துக்கும் மேல் ஆகும். முழுதாக அறுந்துபோனால் மாதக்கணக்கு, சில வேளை அறுவைச் சிகிச்சை. தொழில்முறைக் கால்பந்தில் மிக அதிகமாக ஏற்படும் தசைக்காயம் இதுதான். ஒருமுறை அறுந்த இடம் மறுபடி அறுவதும் இதில்தான் அதிகம், ஏனென்றால் வலி போகும் நாளும் வலு திரும்பும் நாளும் ஒன்றல்ல.

இதை நான் படித்து மட்டும் தெரிந்துகொள்ளவில்லை. பல ஆண்டுகளுக்கு முன், நாங்களாகச் சேர்ந்து ஆடும் ஒரு மாலை ஆட்டத்தில், பந்தை நோக்கி ஓடும்போது யாரோ கல்லால் பின்தொடையில் அடித்தது போல இருந்தது. அடித்தவன் யார் என்று கோபத்தோடு திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் இருபது அடிக்கு ஒருவரும் இல்லை. மூன்றாம் நாள் தொடையின் பின்புறம் முழங்கால் மடிப்பு வரைக்கும் கத்தரிக்காய் நிறத்தில் இரத்தம் கட்டியிருந்தது. இரண்டு வாரத்தில் நடந்தால் வலியில்லை, படியேறினால் வலியில்லை, குனிந்து காலணிக் கயிற்றைக் கட்டினாலும் வலியில்லை. குணமாகிவிட்டது என்று ஆடப் போனேன். நான்காவது ஓட்டத்தில் அதே இடத்தில் அதே கல். அதற்குப் பிறகு மூன்று மாதம் நான் ஓடவேயில்லை. ஆகையால் எங்கள் கேப்டன் வலியில்லாமல் நடக்கிறார் என்று சென்ற வாரம் ஒருவர் மகிழ்ச்சியோடு எனக்குச் சொன்னபோது, அந்த மகிழ்ச்சியை வாங்கிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

கிளப்பிலிருந்து வந்தது ஒற்றை வரி அறிக்கை: பின்தொடைத் தசையில் காயம், முன்னேற்றம் நாள்தோறும் கவனிக்கப்படுகிறது. எத்தனையாம் நிலைக் காயம் என்று இல்லை, எத்தனை நாள் என்றும் இல்லை. எதிரணியும் அதைப் படிக்கும் என்பதால் அப்படித்தான் எழுதுவார்கள், அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் அந்த ஒற்றை வரியை வைத்துக்கொண்டு பதினொரு நாள் வாழ்வது எளிதாக இல்லை. பயிற்சிக் களத்துப் புகைப்படம் ஒன்று வந்தால் முதலில் அவர் கால்களைத்தான் பார்க்கிறோம். எந்தத் தொடையில் பட்டை சுற்றியிருக்கிறது, மற்றவர்களோடு ஓடுகிறாரா, பிசியோவோடு தனியாக ஓடுகிறாரா, காலில் பூட்ஸ் இருக்கிறதா, வெறும் ஓட்டக் காலணியா? ஒரு படத்தில் அவர் சிரித்துக்கொண்டிருந்தார் என்பதற்காக ஒரு முழு மாலை நாங்கள் நிம்மதியாக இருந்தோம்.

காயம் பட்டவர் அவர் மட்டுமல்ல. இடப்பக்கத் தற்காப்பாளருக்குக் கணுக்கால் வீங்கியிருக்கிறது. நடுக்களத்தில் பந்தைப் பறிப்பதையே தம் வேலையாக வைத்திருப்பவர் மூக்கெலும்பு முறிந்து முகமூடியோடு ஆடப்போகிறார். இருவரும் ஆடிவிடுவார்கள் என்றே எல்லோரும் நம்புகிறோம். எங்கள் பேச்செல்லாம் அந்த ஒரு தொடையைப் பற்றித்தான்.

எதிரில் இருப்பவர்கள் யார் என்பதையும் சொல்ல வேண்டும். இந்தப் பருவத்தில் அவர்களோடு இரண்டு முறை மோதினோம், 0-4, 1-3. அந்த 1-3 ஆட்டத்தில் எங்களுடைய ஒரு கோலும் கேப்டன் அடித்ததுதான். அவர்களுடைய பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் எங்கள் அணியில் கண்ணை மூடிக்கொண்டு முதல் பதினொருவரில் இடம்பெறுவார்கள். எங்களுக்கு வாய்ப்பு இருக்கிறது என்று எழுதிய ஒரு நிபுணரைக்கூட இந்தப் பதினொரு நாளில் நான் பார்க்கவில்லை. இறுதிக்கு வந்ததே பெரிது என்று எல்லோரும் எங்களை அன்போடு தட்டிக்கொடுக்கிறார்கள். எங்கள் ஆட்களிலேயே சிலர் அதைச் சொல்லத் தொடங்கியிருப்பதுதான் எனக்கு வருத்தம். தோற்றால் வலிக்காமல் இருக்க முன்கூட்டியே போட்டுக்கொள்ளும் கட்டு அது. எனக்கு அந்தக் கட்டு வேண்டாம். தோற்றால் முழுதாக வலிக்கட்டும்.

கால்பந்து என்ற ஆட்டம் எங்களைப் போன்ற அணிகளுக்கு வைத்திருக்கும் கதவு ஒன்று உண்டு. இங்கே கோல் விழுவது அரிது. புள்ளிகள் நூற்றைத் தொடும் ஆட்டங்களில் வலிய அணியின் வலு சிறிது சிறிதாகச் சேர்ந்து கடைசியில் கணக்கில் வந்துவிடும். தொண்ணூறு நிமிடத்தில் இரண்டோ மூன்றோ கோல் மட்டும் விழும் ஆட்டத்தில், ஒரே ஒரு கார்னர், ஒரே ஒரு தலை, கணக்கைப் புரட்டிப் போட்டுவிடும். 2004-ஆம் ஆண்டு ஐரோப்பியக் கோப்பைக்குப் போன கிரேக்க அணி, அதற்கு முன் எந்தப் பெரிய தொடரிலும் ஓர் ஆட்டம்கூட வென்றதில்லை. ஓட்டோ ரேஹாகலின் பயிற்சியில் வந்த அந்த அணி, காலிறுதியில் பிரான்சை 1-0, அரையிறுதியில் செக் குடியரசை 1-0, லிஸ்பனில் நடந்த இறுதியில் போர்ச்சுகலை அதன் சொந்த மண்ணிலேயே 1-0 என்று வென்றது. மூன்று கோலும் தலையால் முட்டியவை. அந்த இறுதியில் நடுக்களத்தின் முக்கிய ஆளான கரகுனிஸ் அவர்களிடம் இல்லை, மஞ்சள் அட்டைகளால் வெளியே உட்கார்ந்திருந்தார். அவர் இல்லாமலே 57-ஆவது நிமிடத்தில் ஒரு கார்னர் வந்தது, கரிஸ்டியாஸ் முட்டினார், முடிந்தது.

1992-இல் அதே ஐரோப்பியக் கோப்பையில் டென்மார்க்கின் கதை எல்லோருக்கும் தெரியும்: தகுதிச் சுற்றில் தேறாத அணி, யூகோஸ்லாவியா விலக்கப்பட்டதால் கடைசி நேரத்தில் அழைக்கப்பட்டு, கோட்டன்பர்கில் ஜெர்மனியை 2-0 என்று வென்று கோப்பையை எடுத்துக்கொண்டது. எனக்கு அந்தக் கதையில் நினைவில் நிற்பது ஹென்ரிக் ஆண்டர்சன். நெதர்லாந்துக்கு எதிரான அரையிறுதியில் அவருடைய முழங்கால் சில்லு உடைந்தது. அவர் களத்தில் கிடந்து துடித்ததைப் பார்த்த சக ஆட்டக்காரர்கள், நான்கு நாள் கழித்து அவர் இல்லாமல் இறுதியில் இறங்கினார்கள். இறங்கி வென்றார்கள். அந்த நான்கு நாள் டென்மார்க்கின் ரசிகர்கள் என்ன பேசிக்கொண்டிருந்திருப்பார்கள் என்று இந்த வாரம் அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன்.

ஆண்டர்சனின் விஷயத்தில் ஒரு நிம்மதியும் இருந்தது: உடைந்த சில்லோடு ஆட முடியாது, ஆகவே முடிவெடுக்க ஒன்றுமில்லை. எங்கள் கேப்டனின் காயம் அந்த வகையல்ல. பதினொரு நாளில் ஆடவும் வாய்ப்புண்டு, ஆடாமல் போகவும் வாய்ப்புண்டு என்ற நடுவிடத்தில் அது நிற்கிறது. ஆகவேதான் கேள்வி எழுகிறது: பாதி குணமான கேப்டனை முதல் பதினொருவரில் இறக்குவதா?

என்னுடைய பதில், இறக்கக் கூடாது என்பது. எங்கள் கூட்டத்தில் இந்தப் பதிலோடு நிற்பவர்கள் மிகச் சிலரே என்பதால், காரணங்களைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

2014-இல் லிஸ்பனில் நடந்த, ஐரோப்பியக் கிளப் அணிகளுக்கான சாம்பியன்ஸ் லீக் இறுதி. அட்லெட்டிகோ மாட்ரிட் அன்று எங்களைப் போன்ற இடத்தில்தான் இருந்தது. எதிரில் பணத்திலும் பெயரிலும் பல மடங்கு பெரிய ரியல் மாட்ரிட். அதற்கு ஒரு வாரம் முன்பு ஸ்பானிய லீகின் கடைசி ஆட்டத்தில் டியேகோ கோஸ்டாவுக்குப் பின்தொடையில் காயம். அந்தப் பருவம் முழுக்க அணிக்குக் கோல் அடித்துத் தந்தவர் அவர். பெல்கிரேடு வரை போய்ச் சிகிச்சை எடுத்துக்கொண்டு வந்தார், முதல் பதினொருவரில் இறங்கினார், ஒன்பதாவது நிமிடத்தில் வெளியே வந்தார். அன்று மூன்று மாற்று ஆட்டக்காரர்களுக்குத்தான் அனுமதி. அதில் ஒன்று ஆட்டம் சூடுபிடிக்கும் முன்பே போய்விட்டது. அப்படியும் 36-ஆவது நிமிடத்தில் கோடின் முட்டிய பந்தில் முன்னிலை பெற்று, 90 நிமிடத்தைத் தாண்டும் வரை அதைக் காப்பாற்றினார்கள். 93-ஆவது நிமிடத்தில் ராமோஸ் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் அட்லெட்டிகோ ஆட்டக்காரர்களின் கால்கள் ஓய்ந்துவிட்டன. மாற்றுவதற்கு ஒருவரும் மீதமில்லை. 4-1 என்று முடிந்தது. அந்தக் கூடுதல் நேரத்தின் நொண்டல்களை நான் பார்க்கும்போதெல்லாம் ஒன்பதாவது நிமிடத்தில் செலவழிந்த அந்த ஒரு மாற்றுதான் நினைவுக்கு வரும்.

2019-இல் அதே சாம்பியன்ஸ் லீகில் டாட்டனம் அணிக்கு வேறு விதமான சோதனை. ஹாரி கேன் ஏப்ரல் தொடக்கத்தில் கணுக்காலில் காயம்பட்டார். அவர் இல்லாமலே அரையிறுதியில், அயாக்ஸ் அணியின் களத்தில் 0-2 என்று பின்தங்கிய நிலையிலிருந்து லூக்காஸ் மோரா மூன்று கோல் அடித்து, கடைசி நொடிகளில், அணியை இறுதிக்குக் கொண்டுவந்தார். ஜூன் 1 அன்று லிவர்பூலுக்கு எதிரான இறுதியில் கேன் முதல் பதினொருவரில் நின்றார், மோரா பெஞ்சில் உட்கார்ந்தார். இடைப்பட்ட ஏழு வாரத்தில் கேன் ஓர் ஆட்டமும் ஆடியிருக்கவில்லை. 0-2 என்று தோற்றார்கள். இரண்டாவது நிமிடத்திலேயே பெனால்டியில் கோல் வாங்கிய ஆட்டம் அது, ஆகவே தோல்வியைக் கேன் தலையில் கட்டுவது நியாயமல்ல. ஆனால் அன்று மோராவின் முகத்தைப் பார்த்த எவரும், அரையிறுதியை வென்ற அணியும் இறுதியில் இறங்கிய அணியும் ஒன்றல்ல என்பதை உணர்ந்திருப்பார்கள்.

இதற்கு நேர் எதிரான ஆட்டம் ஒன்றும் இருக்கிறது. என்னோடு வாதிடுபவர்கள் எல்லோரும் அதைத்தான் முதலில் எடுக்கிறார்கள். 2012 சாம்பியன்ஸ் லீக் இறுதியில் செல்சி, பயர்ன் மியூனிக் அணியை அதன் சொந்த அரங்கிலேயே சந்தித்தது. டெர்ரி, இவானோவிச், ராமிரெஸ், மெய்ரெலெஸ் நால்வரும் தடையில் வெளியே. தற்காப்பின் நடுவில் நிற்கக்கூடியவர்கள் கேரி கேஹிலும் டேவிட் லூயிஸும் மட்டுமே. இருவருக்கும் முந்தைய மாதம் ஹாம்ஸ்ட்ரிங் காயம், இருவரும் அதற்குப் பிறகு ஓர் ஆட்டமும் ஆடவில்லை. அந்த இருவரும் 120 நிமிடம் நின்றார்கள். பயர்னுக்கு 20 கார்னர் கிடைத்தது, செல்சிக்கு ஒன்று. அந்த ஒன்றில்தான் 88-ஆவது நிமிடத்தில் துரோக்பா முட்டிச் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் பயர்னின் ராபன் அடித்த பெனால்டியைச் செல்சி கோல்கீப்பர் செக் தடுத்தார். பெனால்டி ஷூட் அவுட்டில் 4-3.

அந்த ஆட்டத்தை மதித்துத்தான் சொல்கிறேன், அது எங்கள் கேப்டனுக்குப் பொருந்தாது. கேஹிலும் லூயிஸும் நின்ற இடம் தற்காப்பின் நடு. அணி முழுவதும் தன் பெனால்டி பெட்டிக்கு முன்னால் குவிந்து நின்ற ஆட்டத்தில் அவர்கள் ஐந்து அடி, பத்து அடி நகர்ந்தால் போதும். இடம் பார்த்து நிற்பது, எம்பி முட்டுவது, உடலைக் குறுக்கே போடுவது. நாற்பது அடி முழுவேகத்தில் ஓட வேண்டிய தேவை மிகக் குறைவு. எங்கள் கேப்டனின் வேலையே அந்த நாற்பது அடிதான். எங்கள் ஆட்டத்தின் ஒரே ஆயுதம், பின்னாலிருந்து நீளமாக உயர்த்திப் போடும் பந்தும் அதன் பின்னால் அவர் ஓடும் ஓட்டமும். எதிரணி பந்தைக் கையாளத் தொடங்கும்போது முதலில் பாய்ந்து நெருக்குபவரும் அவரே. அவர் பாய்வதைப் பார்த்துத்தான் பின்னால் இருப்பவர்கள் நகர்வார்கள். இரண்டுமே அறுந்த நாரிடம் கேட்கக் கூடாத வேலைகள்.

எங்கள் கூட்டத்தில் மூத்தவர் ஒருவர் இருக்கிறார்; எங்கள் அணி கீழ்ப்பிரிவில் தடுமாறிய காலத்திலிருந்து பார்த்து வருபவர். அவரிடம் இதைச் சொன்னபோது கேட்டார்: "தம்பி, அவன் சும்மா நின்றாலே இரண்டு பேர் அவனோடு நிற்பான். அதை விட்டுக்கொடுக்கச் சொல்கிறாயா?"

"பத்து நிமிடத்துக்கு நிற்பார்கள், அண்ணே. அவர் ஓடவில்லை என்று கண்டுகொண்டால் அவர்களுடைய தற்காப்பு வரிசை முழுதும் முன்னேறி வந்துவிடும். அப்புறம் நாம் நம் பெட்டியைவிட்டு வெளியே வரவே முடியாது."

அவர் சிறிது நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "முதல் அரைமணியில் இரண்டு கோல் வாங்கிவிட்டால், பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற கேப்டனை வைத்து என்ன செய்வாய்?" என்றார்.

அதற்கு நான் பதில் சொல்லவில்லை. அவர் கேட்டது சரியான கேள்வி. எழுபத்தைந்தாவது நிமிடத்தில் அவரை இறக்க வேண்டும் என்றால், எழுபத்தைந்தாவது நிமிடம் வரை நாங்கள் ஆட்டத்தில் இருக்க வேண்டும்.

ஆயினும் என் எண்ணம் அதையே சுற்றி வருகிறது. இன்றைய விதிப்படி ஐந்து மாற்றுகள் உண்டு, கூடுதல் நேரம் வந்தால் இன்னொன்று. ஆகவே 2014-இல் அட்லெட்டிகோவுக்கு நேர்ந்தது அதே கணக்கில் எங்களுக்கு நேராது என்பதை ஒப்புக்கொள்கிறேன். எனக்குள்ள பயம், திட்டம் முழுவதையும் அவரை மையமாக வைத்துத் தீட்டிவிட்டு, ஒன்பதாவது நிமிடத்தில் அந்தக் கை மறுபடி பின்னால் போனால், மற்ற பத்துப் பேரின் முகம் எப்படி இருக்கும் என்பதுதான். அரையிறுதியில் அந்த முகங்களைப் பார்த்தேன். அன்று முன்னிலையில் இருந்ததால் தாக்குப்பிடித்தோம். கடைசிக் கால்மணி நேரத்தில், எதிரணித் தற்காப்பாளர்களின் கால்கள் கனத்துப்போன வேளையில், எல்லைக்கோட்டோரம் சூடேற்றிக்கொண்டு அவர் எழுந்து நிற்பதைப் பார்க்கும் எங்கள் ஆட்களின் முகம் வேறாக இருக்கும். எதிரணியின் முகமும் வேறாக இருக்கும்.

பெஞ்சிலிருந்து வந்தவர்கள் இறுதிகளை முடித்திருக்கிறார்கள். 2013-இல் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை இறுதியில் விகன் அணிக்காக 91-ஆவது நிமிடத்தில் மான்செஸ்டர் சிட்டிக்கு எதிராக முட்டிய பென் வாட்சன், பத்து நிமிடம் முன்புதான் உள்ளே வந்திருந்தார். முந்தைய நவம்பரில் கால் முறிந்து, பருவத்தின் பெரும்பகுதியை வெளியே கழித்தவர் அவர். ஒரு கார்னர், முன்கம்பத்தை நோக்கி ஓர் ஓட்டம், தலை. மூன்று நாள் கழித்து அதே விகன் பிரீமியர் லீகிலிருந்து கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. அந்தக் கோப்பையை யாராலும் அவர்களிடமிருந்து எடுக்க முடியவில்லை.

பெரிய அணிகளும் முழுதாகக் குணமாகாதவரை இறுதியில் இறக்கியிருக்கின்றன என்பதில் எனக்கு ஓர் ஆறுதல் உண்டு. 1954 உலகக் கோப்பையில் மேற்கு ஜெர்மனியை 8-3 என்று நொறுக்கிய ஹங்கேரி, அதே ஆட்டத்தில் தன் கேப்டன் புஷ்காஷின் கணுக்காலை இழந்தது. காலிறுதியிலும் அரையிறுதியிலும் அவர் இல்லாமலே வென்றது. பிறகு பெர்னில் நடந்த இறுதியில், இரண்டு வாரம் கழித்து, முழுதாகக் குணமாகாத காலோடு அவரை இறக்கியது. ஆறாவது நிமிடத்தில் அவர் கோலும் அடித்தார். எட்டாவது நிமிடத்தில் 2-0. அப்படியிருந்தும் மழையில் ஜெர்மனி திரும்பி வந்து 3-2 என்று வென்றது. அவரை இறக்கியது தவறுதான் என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது, கோல் அடித்தவரை எப்படிக் குறை சொல்வது? ஆனால் அவர் இல்லாமல் வென்ற பதினொருவரைக் கலைத்துவிட்டு அவரைச் சேர்த்தது, நான்கு ஆண்டு தோல்வியே காணாத ஓர் அணி. அவ்வளவு பெரியவர்களுக்கே அந்த முடிவு அத்தனை கடினமாக இருந்திருக்கிறது.

கேப்டனுக்குப் பதிலாக இறங்கப்போகும் பையனைப் பற்றி இங்கே யாரும் பேசுவதில்லை, அதுதான் எனக்கு மிகவும் உறுத்துகிறது. வயது இருபது. அரையிறுதியில் கேப்டன் உட்கார்ந்த பிறகு உள்ளே வந்தவன் இவன்தான். அந்தக் கடைசி அரைமணி நேரத்தை மூன்று முறை திரும்பப் பார்த்தேன். ஒரு நல்ல ஷாட் கூட அவனிடமிருந்து இல்லை. ஆனால் பந்து அவனிடம் வரும்போதெல்லாம் முதுகை எதிரணித் தற்காப்பாளருக்குக் கொடுத்து, மூலைக்கொடியை நோக்கிக் கொண்டுபோய், அவர் காலில் பட்டு வெளியே போகும்படி செய்து, த்ரோ-இன் வாங்கினான். ஒவ்வொரு த்ரோ-இன்னும் எங்களுக்கு அரை நிமிட மூச்சு. 85-ஆவது நிமிடத்தில் எங்கள் சொந்தப் பெட்டிவரை ஓடிவந்து ஒரு கிராஸைக் காலால் தள்ளிவிட்டு, எழுந்து, மறுபடி முன்னால் ஓடினான். நாங்கள் இறுதிக்கு வந்ததில் அந்த ஓட்டத்துக்கும் பங்கு உண்டு. நாளை மறுநாள் அவன் பெயரை அறிவிக்கும்போது எங்கள் பக்கத்திலிருந்து ஏமாற்றத்தின் முணுமுணுப்பு எழுமானால், அது அவன் காதிலும் விழும்.

ஆடாவிட்டால் கேப்டனுக்கு அந்த நாளில் இடமே இல்லையா என்று என் நண்பன் ஒருவன் கேட்டான். அவனுக்கு நான் 2012 ஆப்பிரிக்கக் கோப்பை இறுதியைச் சொன்னேன். ஜாம்பியா அணி லிப்ரவில் நகரில் ஐவரி கோஸ்ட் அணியைச் சந்தித்தது. 1993-இல் அதே நகரின் கரைக்கு அப்பால் கடலில் விழுந்த விமானத்தில் ஜாம்பியாவின் தேசிய அணி ஏறக்குறைய முழுவதும் மாண்டுபோயிருந்தது. இறுதிக்கு முன் இந்த ஆட்டக்காரர்கள் கடற்கரைக்குப் போய் மலர் வைத்துவிட்டு வந்தார்கள். எதிரில் துரோக்பாவும் யாயா தூரேயும். அந்தத் தொடரில் அதுவரை ஒரு கோல்கூட வாங்காத அணி. ஆட்டம் தொடங்கிச் சில நிமிடத்திலேயே ஜாம்பியாவின் இடப்பக்கத் தற்காப்பாளர் ஜோசப் முசோண்டா காயம்பட்டு, அழுதுகொண்டே வெளியே போனார். துரோக்பா பெனால்டியை மேலே அடித்தார். 120 நிமிடமும் கோல் இல்லை. ஷூட் அவுட் 8-7 என்று முடிந்தது. எல்லோரும் ஓடிப்போய் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கொண்டாடிக்கொண்டிருந்தபோது, பயிற்சியாளர் ஹெர்வே ரெனார் முசோண்டாவிடம் போனார். நடக்க முடியாத அவரை இரண்டு கைகளிலும் தூக்கிக்கொண்டு, ஆட்டக்காரர்கள் இருந்த இடத்துக்குச் சுமந்து வந்து சேர்த்தார். நண்பன் அதற்குப் பிறகு அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

இன்று பிற்பகல் பயிற்சியாளர் செய்தியாளர்களிடம் பேசினார். கேப்டனைப் பற்றி நான்கு விதமாகக் கேட்டார்கள். நான்குக்கும் ஒரே பதில், ஆட்டநாள் காலையில் பார்த்து முடிவெடுப்போம் என்பது. அவர் குரலில் எதையாவது கண்டுபிடிக்க முடியுமா என்று இரண்டு முறை கேட்டேன், முடியவில்லை.

மாலையில் பயிற்சிக் களத்திலிருந்து பதினைந்து நொடிக் காணொளி ஒன்று வந்தது. ஊடகக்காரர்களை உள்ளே விடும் அந்தச் சிறிது நேரத்தில் யாரோ தூரத்திலிருந்து எடுத்தது. கேப்டன் மற்றவர்களோடு இருக்கிறார். இரண்டு கூம்புகளுக்கு நடுவே ஓடுகிறார். முதல் முறை பாதி வேகம், இரண்டாம் முறை அதைவிடக் கூடுதல். இரண்டாவது கூம்பைத் தாண்டி நிற்கும்போது அவர் கை எங்கே போகிறது என்பதைத்தான் நான் பார்த்தேன். தொடைக்குப் போகவில்லை. இடுப்பில் வைத்துக்கொண்டு, குனிந்து மூச்சு வாங்கிவிட்டு, மறுபடி தொடக்கக் கோட்டுக்கு நடந்து போகிறார். அவருக்குப் பின்னால் வரிசையில் நிற்கும் அந்த இருபது வயதுப் பையன் அவர் கையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் தன் முறைக்கு ஓடுகிறான்.

மேலே நான் எழுதியவற்றில் ஒரு சொல்லையும் மாற்றப் போவதில்லை. ஆனால் அந்தப் பதினைந்து நொடியை இதுவரை ஒன்பது முறை பார்த்துவிட்டேன். ஆட்டத்துக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் இருக்கும்போது அணிப் பட்டியல் வெளியாகும். அதில் முதல் பதினொரு பெயர்களுக்குள் அவர் பெயர் இருக்கக் கூடாது என்று விரும்பிக்கொண்டு, இருந்துவிட்டால் எல்லோரையும்விட உரக்கக் கத்துவேன் என்பதும் தெரிந்துகொண்டு, காத்திருக்கிறேன்.